ஆடிக்காற்றில் ஒரு பாலைவன ஒத்திகை

குன்னூரில் இருந்துகொண்டு பாலைவன ஓட்டத்துக்குப் பயிற்சி எடுப்பது, குளமே இல்லாத ஊரில் நீச்சல் பழகுகிற கதைதான். காலையில் கதவைத் திறந்தால் மூடுபனி வாசலில் நிற்கும். துவைத்த சாக்ஸ் காய மூன்று நாள் ஆகும். மணலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் யாராவது வீடு கட்ட வேண்டும். அப்படி ஒரு வீட்டு வாசலில் குவித்திருந்த மணல்மேல் நான் ஷூவோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வந்து, என்னம்மா தொலைச்சீங்க என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வயது நாற்பத்தாறு. நானும் என் கணவர் மாதவனும் பேக்கரி வைத்திருக்கிறோம். மொறுமொறுவென்ற அடுக்கு ரொட்டியான வர்க்கிதான் எங்கள் சரக்கு. போன வருஷம் வெளிநாட்டுப் பாலைவனம் ஒன்றில் நடக்கும் பல நாள் ஓட்டத்துக்குப் போய், இரண்டாம் நாளே வெளியேற்றப்பட்டேன். அந்த ஓட்டத்தில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஓர் ஒட்டகம் வரும். அது நம்மைத் தாண்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. என்னைத் தாண்டியபோது அந்த ஒட்டகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷூவுக்குள் மணல் புகுந்து, இரண்டு குதிகாலும் தோலுரிந்து, நாலு நகம் போய் வீடு வந்து சேர்ந்தேன். ஒரு மாதம் மாதவன்தான் என்னைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துப் போனார்.

ஆகவே இந்த வருஷமும் பெயர் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தபோது அவர் கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. கத்தவில்லை. அவர் மைதாவைக் கிராம் கணக்கில் நிறுக்கிற மனுஷர். நிதானமாக ஒரு நிபந்தனை போட்டார்.

"மூணு நாள் தொடர்ச்சியா, முழு மூட்டையோட, வெயில்ல ஓடிக் காட்டு. அங்க என்ன ரூலோ இங்கயும் அதேதான். வெளி ஆள்கிட்ட ஒரு வாய் தண்ணி வாங்கக் கூடாது. முடியலைன்னா பேரை எடுத்துடு."

நானும் திமிராகச் சரி என்றேன். சொன்ன பிறகுதான் வெயிலுக்கு எங்கே போவது என்ற யோசனை வந்தது.

பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஜெயா இப்போது சங்கரன்கோவிலில் நைட்டி தைக்கும் யூனிட் நடத்துகிறாள். அவளிடம் போனில் புலம்பினேன். "ஏட்டி, ஆடி மாசம் இங்கன வா. வாயத் தொறந்தா மண்ணு தானா வந்து விழும்" என்றாள். வேறு எந்த ஊர்க்காரியும் தன் ஊரைப் பற்றி இப்படி விளம்பரம் செய்து நான் கேட்டதில்லை.

அவள் சொன்னது பொய்யில்லை. பேருந்து நிலையத்தில் இறங்கிய உடனே என் தொப்பி காற்றில் பறந்து, ஒரு பூக்கடையில் மல்லிகைக் குவியலின்மேல் போய் உட்கார்ந்தது. பூக்காரர் அதை உதறிக் கொடுத்தார். பார்த்தால் தொப்பிக்குள் ஒரு முழம் பூவும் இருந்தது. காசு நீட்டினேன், வேண்டாம் என்று கையை ஆட்டினார். குன்னூரில் தொப்பி பறந்தால் தொப்பி போனதுதான். இந்த ஊரில் மாதவனின் நிபந்தனை படப்போகும் பாடு அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜெயாவின் கணவர் செல்வின் அண்ணன் மளிகைக் கடைக்காரர். தேவாலயக் கமிட்டிச் செயலாளர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊரில் பெயர். மாதவன் அவரிடம் போனில் பேசி அவரையே நடுவராகப் போட்டுவிட்டார். அன்று இரவு எனக்கு மட்டன் பிரியாணி பரிமாறிக்கொண்டே அண்ணன் விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாளை முதல் நான் என் மூட்டையில் இருக்கும் சத்துமாவு உருண்டையையும் வர்க்கித் தூளையும்தான் தின்பேன் என்றதும், மூன்றாவது முறையாகச் சோற்றை அள்ளி வைத்தார். அவர் முகத்தில், தூக்குக்குப் போகிறவனுக்குச் சோறு போடுகிற துக்கம்.

மூட்டையை அவர் கடைத் தராசில் நிறுத்தோம். எட்டரைக் கிலோ. தண்ணீர், சாப்பாடு, தூங்கும் பை, உப்பு மாத்திரை, காலுக்குப் பிளாஸ்திரி, ஆபத்துக்கு ஊத ஒரு விசில், வெயிலைத் திருப்பிக் காட்டி ஆள் கூப்பிட ஒரு கண்ணாடி. எல்லாவற்றையும் விட முக்கியம், ஷூவுக்குள் மணல் போகாமல் கணுக்கால்வரை மூடும் துணி உறை. நான் கடையில் வாங்கி வந்த உறை அன்று மாலையே ஒட்டு விட்டுப் பிரிந்துபோனது. ஜெயா அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, வழவழப்பான நைட்டித் துணியில் ஒரு ஜோடி தைத்து, ஷூவைச் சுற்றி இரட்டைத் தையல் போட்டு ஒட்டுப்பட்டை வைத்தாள். கிளிப்பச்சையில் ஆரஞ்சுப் பூ. பெரிய பூ. வேறு நிறம் இல்லையா என்று கேட்டேன். இந்த டிசைன்தான் விற்காமல் கிடக்கிறது என்றாள்.

முதல் நாள் கரிவலம்வந்தநல்லூர் சாலை. முன்னால் மூட்டையோடு நான், பின்னால் மொபெட்டில் இருபதடி விட்டுச் செல்வின் அண்ணன். ஊரைத் தாண்டுவதற்குள் நாலு பைக் நின்றது. நாலு பேரும் ஒரே வார்த்தை, ஏறுங்க. எனக்குப் போகவேண்டிய இடம் எதுவும் இல்லை, கொஞ்ச தூரம் ஓடிவிட்டு இங்கேயே திரும்பி வருவேன் என்றதும் அவர்களுக்கு என்மேல் பாவமாகிவிட்டது. ஐந்தாவது ஆள் என்னிடம் பேசவே இல்லை. நேரே அண்ணனிடம் போய் வண்டியை மறித்தார்.

"வீட்டுச் சண்டைய ரோட்டுலயா வச்சுக்கிடுவீரு? அந்தம்மாவ வண்டில ஏத்தும்வே."

கமிட்டிச் செயலாளருக்கு முகம் கறுத்துவிட்டது. மூட்டையும் கையுமாகக் கோபித்துக்கொண்டு போகிற பெண்பிள்ளை, பின்னால் கெஞ்சிக்கொண்டு வரும் புருஷன் என்று சாலையில் போன அத்தனை பேரும் நினைத்திருக்கிறார்கள். அண்ணன் விளக்கிச் சொல்லச் சொல்ல அந்த ஆளுக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் இருபதடியை இருநூறு அடி ஆக்கிக்கொண்டார்.

அடுத்தது விசில். காற்று இரைச்சலில் அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று பார்க்க வேண்டாமா? சாலையோரம் நின்று மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே ஒரு ஊது ஊதினேன். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த டவுன் பஸ் கிறீச்சென்று நின்றது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சட்டம் எனக்கு மறந்துபோனது. டிரைவர் திரும்பிக் கண்டக்டரை முறைக்க, கண்டக்டர் டிரைவரை முறைக்க, இதற்குள் ஒரு பெரியவர் தன் ஊர் வந்துவிட்டதென்று இறங்கியே விட்டார். கண்டக்டர் என்னிடம், ஏறவில்லை என்றால் எதற்கு விசில் அடித்தீர்கள் என்று கேட்டார். பாலைவனத்தில் வழி தவறினால் ஊதுவதற்கு என்று உண்மையைச் சொன்னேன். அவர் என்னையும் என் காலில் இருந்த பூவையும் பார்த்துவிட்டு, இரண்டு விசில் கொடுத்துப் போய்விட்டார். இறங்கிய பெரியவரை அண்ணன்தான் மொபெட்டில் ஏற்றி அவர் ஊரில் கொண்டுபோய் விட்டார். அந்த நேரம் முழுவதும் நான் நடுவர் இல்லாமல் ஓடினேன்.

மதியம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து உருண்டையை விழுங்கினேன். ஜெயா கட்டிக் கொடுத்த பொட்டலம் அண்ணன் மடியிலேயே இருந்தது. சாப்பிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். விருந்தாளி மாவை முழுங்கும்போது நான் எப்படிச் சோறு தின்ன என்று கேட்டுவிட்டு, வாசனை எனக்கு வரக்கூடாதென்று பொட்டலத்தை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாயங்காலம் வீடு திரும்பியபோது நான் தெளிவாக இருந்தேன், நடுவர்தான் வாடிப் போயிருந்தார். ஜெயா எனக்குக் கால் கழுவத் தண்ணீர் வைத்துவிட்டு அவரைத் திட்டித் தீர்த்தாள். என் வலது குதிகாலில் ஓரிடம் சிவந்திருந்தது. போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லாமல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுத்தேன்.

இரண்டாம் நாள் திருவேங்கடம் சாலை. இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்காக வாயைப் பிளந்து கிடந்தது. காற்று அந்த மண்ணை அள்ளி முகத்தில் வீச, வியர்வையோடு கலந்து ஒரு மணி நேரத்தில் கறுப்புப் பூச்சு பூசிய மாதிரி ஆகிவிட்டேன். பாலைவன மணலாவது தட்டினால் உதிரும். இது ஒட்டிக்கொண்டு குடித்தனமே நடத்தியது. ஆனால் ஷூவுக்குள் ஒரு பொடி போகவில்லை. விற்காத டிசைன் ஜெயித்துக்கொண்டிருந்தது.

பாதி வழியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எதிரே இருந்த வேம்பின் நிழலில் உட்கார்ந்து குதிகாலைப் பார்த்தேன். அண்ணன் பெட்ரோல் போடப் போயிருந்தார். பேருந்து வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால், ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மாள் என் மூட்டையைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே திணித்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் காலில் ஷூவோடு ஓடினேன். அவர் படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒங்களுக்கும் சீட்டு போட்டாச்சும்மா, ஏறுங்க."

கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியாகப் பையையோ துண்டையோ போட்டு இடம் பிடிப்பது நம் நாட்டில் எங்கும் உள்ளதுதான். ஆனால் முன்பின் தெரியாதவளுக்கு, அவள் பையையே போட்டு இடம் பிடிக்கிற பெருந்தன்மையை நான் அங்கேதான் கண்டேன். நான் வரவில்லை, ஓடுகிறேன் என்று நான் சொல்ல, ஓட வேண்டாம், அதற்குத்தானே சீட்டுப் போட்டிருக்கிறேன் என்று அவர் சொல்ல, இந்த வாக்குவாதம் முடிவதற்குள் கண்டக்டர் இரண்டு விசில் அடித்துவிட்டார். பேருந்து நகர்ந்தது. திருவேங்கடத்தில் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகிறேன், பதற வேண்டாம் என்று அம்மாள் ஜன்னலில் இருந்து கத்தியது மட்டும் காற்றில் கேட்டது.

என் தண்ணீர், சாப்பாடு, உப்பு எல்லாம் அரசுப் பேருந்தில் உட்கார்ந்து சொகுசாகப் போய்விட்டது. நான் வெறுங்கையோடு நடுரோட்டில் நிற்கிறேன். அண்ணன் வந்து விஷயத்தைக் கேட்டதும் வண்டியை முறுக்கினார். "நான் போயி எடுத்துட்டு வாரேன்" என்றார். கூடாது, அது உதவி என்றேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதுவும் உதவி. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. திருவேங்கடம்வரை ஏழெட்டுக் கிலோமீட்டர், வாய்க்குள் மண்ணை மென்றுகொண்டு ஓடினேன்.

டீக்கடையில் என் மூட்டை ஒரு நாற்காலியில் மரியாதையாக அமர்த்தப்பட்டிருந்தது. அந்த அம்மாளின் பெயர் பேச்சியம்மா, பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர், அந்தப் பையில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு ஒரு டீயும் போட்டு வைத்திருந்தார். எங்கள் நீலகிரித் தேயிலையைச் சட்டியில் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்க விடும் கொடுமையை நான் எந்த ஊரிலும் மன்னித்ததில்லை. அன்று அந்த டீயைப் பார்த்து எச்சில் ஊறியது. குடிக்கவில்லை.

நடுவர் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். பேருந்து மூட்டையைச் சுமந்த தூரம் என் கணக்கில் வராது. அந்தத் தூரத்தை மூட்டையோடு மறுபடியும் ஓட வேண்டும். நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டு ஓடினேன். மனதுக்குள் அவரைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

அன்று இரவு ஜெயாவிடம் அழுதேவிட்டேன். வெயிலைத் தாங்குகிறேன், மண்ணைத் தாங்குகிறேன், இந்த ஊரின் தாராளத்தைத் தாங்க முடியவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கிறது. யாராவது அன்பாக ஏதாவது செய்து என் ஓட்டத்துக்கு உலை வைத்துவிடப் போகிறார்கள். ஜெயா கொஞ்சம் யோசித்துவிட்டு வழி சொன்னாள்.

"நாளைக்கு ரத வீதில சுத்து. ஆடிச்சுத்து நடக்குல்லா. நேத்திக்கடன்னு நெனச்சுட்டா ஒருத்தன் லிஃப்ட் குடுக்க மாட்டான்."

கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால், வேண்டிக்கொண்டவர்கள் கோயிலை நூற்றெட்டு, ஐநூற்றொன்று என்று சுற்றுவார்கள். அம்மனின் கால்வலியில் தாங்களும் பங்கு வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. பலர் பல நாளாகப் பிரித்துச் சுற்றுகிறார்கள். உள்ளே கூட்டம் என்றால் வெளியே வீதியில் சுற்றுகிறார்கள். ஒரு கிறிஸ்தவக் குடும்பத்து நடுவர் ஜவுளிக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார, மூன்றாம் நாள் காலையில் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன்.

ஜெயா கணக்குத் தப்பவில்லை. எவரும் ஏறுங்கள் என்று சொல்லவில்லை. மூட்டையோடு சுற்றுவதாக வேண்டுதல் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு வழிவிட்டார்கள். பூப்போட்ட உறையைக் கட்டு என்று நினைத்து, என் காலில் தீராத வியாதி என்று முடிவு கட்டிய ஒரு பெண், கோயில் புற்றுமண்ணைக் குழைத்து என் நெற்றியில் பூசிவிட்டாள். அது உதவியில் சேருமா என்று அண்ணனைப் பார்த்தேன். சேராது என்று தலையை ஆட்டினார். அப்படி நிம்மதியாக நான் வாழ்க்கையில் ஓடியதே இல்லை.

பத்து மணி வாக்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு குரல், பையை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள் என்றது. பேச்சியம்மா. என் பையை பஸ்ஸில் அனுப்பிய புண்ணியவதியே எனக்குப் புத்தி சொல்கிறார். எட்டு வருஷமாக இரண்டு பேருந்து மாறிப் போகும் பள்ளியில் வேலை பார்த்தாராம். சொந்த ஊருக்கு மாறுதல் கிடைத்தால் நூற்றெட்டுச் சுற்று என்று வேண்டியிருக்கிறார். கிடைத்துவிட்டது. இன்றோடு முடிக்கிறார். முந்தானையில் முடிந்திருந்த புளியங்கொட்டையில் சுற்றுக்கு ஒன்றாகக் கீழே போட்டுக்கொண்டே வேகமாக நடந்தார்.

உச்சி வெயில் தாண்டியதும் அவர் நடை தள்ளாடியது. ஒரு கடையின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை சில்லிட்டு, முகமெல்லாம் வியர்த்து ஒழுகியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, சர்க்கரை வியாதி வேறு. நான் யோசிக்கவில்லை. என் பாட்டிலில் இருந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை அவர் வாயில் வைத்தேன். ஒரு பாட்டிலும் பத்தாமல் அடுத்ததையும் கொடுத்தேன். உருண்டை இரண்டைத் தின்ன வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குப் போங்கள் என்றேன். கொட்டை பாக்கி இருக்கிறதே என்று நடந்துவிட்டார்.

எனக்கும் சுற்று பாக்கி இருந்தது. தண்ணீர் இல்லை. வாங்கத்தான் கூடாது, கொடுக்கக் கூடாது என்று விதியில் இல்லை. ஆனால் கொடுத்துவிட்டுக் காலியான பாட்டிலை யாரிடமாவது நிரப்பிக்கொள்ள விதியில் இடம் இல்லையே. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முனையிலும் மோரும், வெல்லம் கரைத்த பானகாரமும் வைத்துக்கொண்டு வாங்கம்மா வாங்கம்மா என்று கூப்பிட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு தாண்டினேன். மூன்று சுற்று அப்படி ஓடியிருப்பேன். கண்ணில் பூச்சி பறந்தது. நாலாவது சுற்றில் பேச்சியம்மா ஒரு சொம்பு பானகாரத்தோடு நடுவீதியில் என்னை மறித்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்க குடுத்தத நான் வாங்கிக் குடிச்சம்லா. நான் குடுத்தா மட்டும் ஆவாதோ?"

பந்தயம், ரூல், பாலைவனம் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கோபுரத்தில் எத்தனை பொம்மை என்று எண்ணுகிறவர் மாதிரி அண்ணாந்திருந்தார். சொம்பை வாங்கினேன். சுக்கும் ஏலக்காயும் மணந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். குடிக்கும்போதே தெரியும், தோற்றுவிட்டேன் என்று. ஆனாலும் அவ்வளவு ருசியாக நான் எதையும் குடித்ததில்லை. மீதிச் சுற்றை இரண்டு பேரும் சேர்ந்தே முடித்தோம். நான் ஓடவில்லை, அவரோடு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றப் பயமாக இருந்தது. ஜெயாதான் இழுத்துக் கழற்றினாள். சாக்ஸையும் உருவினாள். குதிகாலில் அந்தச் சிவப்பு மட்டும்தான். ஒரு கொப்புளம் இல்லை. பத்து நகமும் இடத்தில் இருந்தன. நான் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

மாதவனுக்கு வீடியோவில் போன் போட்டோம். முதலில் நடுவரிடம் அறிக்கை கேட்டார். செல்வின் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். தான் கோபுரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா குடிச்சாவ" என்றார்.

"குடிச்சியா?" என்றார் மாதவன் என்னிடம்.

"ஒரு சொம்பு முழுசா."

"காலைக் காட்டு."

போனைக் காலுக்கு நேரே பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார். அடுத்த காலையும் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"ரூல்படி நீ தோத்துட்ட."

"தோத்துட்டேன்."

"அப்ப பேரை எடுக்கணும்."

"எடுக்க மாட்டேன்" என்றேன்.

பேக்கரி அடுப்பில் யாரோ தட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. ஜெயா என் தோளைப் பிடித்திருந்தாள். கடைசியில் மாதவன் பேசினார்.

"அங்க யாராவது தண்ணி நீட்டுனா முறைச்சுக்கிட்டு நிக்காத. வாங்கிக் குடி. வெளிய அனுப்புனா அனுப்பட்டும். நீ வீடு வந்து சேரணும்."